சீர்திருத்தத்துக்கும் வளர்ச்சிக்கும் நடுவே: முதன்மைத் தேர்வுக்கு நான் படித்த முறை

நான் எழுதிய முதல் மாதிரித் தேர்வின் விடைத்தாளை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். குடிமைப் பணி முதன்மைத் தேர்வில் பொதுப்பாடம் மூன்றாம் தாளுக்கான பயிற்சி அது. வளரும் நாடுகளில் கட்டமைப்புச் சீர்திருத்தங்கள் பொருளாதார வளர்ச்சியை எவ்வாறு பாதிக்கின்றன என்று கேட்டிருந்தார்கள். 15 மதிப்பெண். மனப்பாடமாகத் தெரிந்த பகுதி என்பதால் மகிழ்ச்சியோடு எழுதினேன். தாராளமயம், தனியார்மயம், உலகமயம் என்று மூன்று தலைப்புகள், ஒவ்வொன்றின் கீழும் நான்கு வரிகள். கடைசியில், "இச்சீர்திருத்தங்களின் விளைவாக நாட்டின் வளர்ச்சி விகிதம் உயர்ந்தது" என்று முடித்திருந்தேன்.

திருத்தியவர் ஓய்வுபெற்ற பொருளியல் பேராசிரியர். என் பட்டியலில் அவர் எதையும் அடிக்கவில்லை. அந்தக் கடைசி வரியின் கீழே மட்டும் சிவப்பு மையில் கோடிட்டு, ஓரத்தில் ஒரே ஒரு சொல் எழுதியிருந்தார்: "எப்படி?" மதிப்பெண் நாலரை.

நான் எழுதியது அத்தனையும் சரியான தகவல். ஆனால் சீர்திருத்தத்திலிருந்து வளர்ச்சிக்குப் போகும் பாதை அதில் இல்லை. அந்தப் பாதையை எழுதக் கற்றுக்கொள்ள எனக்கு ஏறத்தாழ ஓராண்டு பிடித்தது. தமிழ்வழியில் எழுதப் போகிறவர்களுக்கு அந்த ஓராண்டில் பாதியையாவது மிச்சப்படுத்திக் கொடுக்க வேண்டும் என்ற ஆசையில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் நான் செய்த பெரிய பிழையைச் சொல்கிறேன். நிலைப்படுத்தலையும் கட்டமைப்புச் சீர்திருத்தத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினேன். நான் சேர்ந்திருந்த பயிற்சி மையம் கொடுத்த ஒரு பக்கக் குறிப்பிலும் இரண்டும் கலந்துதான் கிடந்தன. 1991-ஐத் தேதி தேதியாக எழுதிப் பார்த்தபோதுதான் எனக்குத் தெளிந்தது.

1990-ல் ஈராக் குவைத்துக்குள் நுழைந்தது. எண்ணெய் விலை ஏறியது. வளைகுடாவில் வேலை பார்த்தவர்கள் திரும்பி வந்தார்கள். அவர்கள் அனுப்பிய பணம் குறைந்தது. 1980-கள் முழுக்க மத்திய அரசின் நிதிப் பற்றாக்குறை பெருகியபடியே இருந்தது. 1991-ன் நடுவில் அந்நியச் செலாவணிக் கையிருப்பு 110 கோடி டாலர் அளவுக்கு இறங்கியது. இரண்டு, மூன்று வார இறக்குமதிக்கே அது போதும். மே மாதம் 20 டன் தங்கம் வெளிநாட்டு வங்கிக்கு விற்கப்பட்டது. ஜூலையில் ரிசர்வ் வங்கி மேலும் 47 டன் தங்கத்தை அனுப்பி, இங்கிலாந்து வங்கியிடமும் ஜப்பான் வங்கியிடமும் 40 கோடி டாலருக்குச் சற்று மேல் கடன் பெற்றது. ஜூலை 1 அன்றும் ஜூலை 3 அன்றும் ரூபாயின் மதிப்பு இரண்டு படிகளாகக் குறைக்கப்பட்டது.

இதுவரை நடந்தது நிலைப்படுத்தல். வீட்டில் தீப்பிடித்தால் அணைப்பதைப் போன்றது. அணைத்துவிட்டதால் வீடு பெரிதாகிவிடாது.

ஜூலை 4 அன்று வணிகக் கொள்கையில் மாற்றம் வந்தது. ஜூலை 24 அன்று புதிய தொழிற்கொள்கையும் மன்மோகன் சிங்கின் வரவு செலவுத் திட்டமும் ஒரே நாளில் வந்தன. 18 தொழில்களைத் தவிர மற்றவற்றுக்கு உரிமம் தேவையில்லை என்றானது. சொத்து மதிப்பு இவ்வளவைத் தாண்டினால் பெரிய நிறுவனம் விரிவாக்கத்துக்குத் தனி அனுமதி வாங்க வேண்டும் என்றிருந்த விதி நீங்கியது. முன்னுரிமைத் தொழில்கள் 34-ல் 51 விழுக்காடு வரை அந்நிய முதலீடு தானாகவே அனுமதி பெற்றது. 300 விழுக்காட்டையும் தாண்டியிருந்த சுங்கவரியின் உச்சம் 150-க்கு இறக்கப்பட்டு, 1995-96-ல் 50 வரை வந்தது. யார் எதை உற்பத்தி செய்யலாம், எங்கே விற்கலாம், எந்த விலைக்கு உள்ளீடு வாங்கலாம் என்ற விதிகளே இங்கே மாறின. கட்டமைப்புச் சீர்திருத்தம் என்பது இதைத்தான்.

இந்த வேறுபாட்டை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், வளர்ச்சியோடு இரண்டும் வெவ்வேறு விதமாகத் தொடர்புகொள்கின்றன. நிலைப்படுத்தல் பெரும்பாலும் முதலில் வளர்ச்சியைக் குறைக்கும். அரசுச் செலவு சுருங்குகிறது, இறக்குமதி நெருக்கப்படுகிறது, வட்டி ஏறுகிறது. 1991-92-ல் இந்தியாவின் வளர்ச்சி ஒன்றரை விழுக்காட்டை எட்டவில்லை. 1994-95 முதல் மூன்று ஆண்டுகள் ஏறத்தாழ 7 விழுக்காட்டில் நின்றது. "சீர்திருத்தம் வந்தது, வளர்ச்சி உயர்ந்தது" என்று மொட்டையாக எழுதினால் முதல் ஆண்டின் வீழ்ச்சிக்கு உங்களிடம் விளக்கம் இருக்காது. நெருக்கடியும் நிலைப்படுத்தலும் சேர்ந்து முதலில் இறக்கின, விதி மாற்றத்தின் பலன் பிறகு வந்தது என்று பிரித்து எழுதினால் அந்த வீழ்ச்சியே உங்கள் வாதத்துக்குச் சான்றாகிவிடும்.

பொலிவியாவை இதற்கு எதிர்ப்பக்க எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டேன். 1985 ஆகஸ்டில் ஒரே ஆணையில் விலைக் கட்டுப்பாடு, நாணய மாற்று விகிதம், இறக்குமதி விதி எல்லாவற்றையும் மாற்றினார்கள். கட்டுக்கடங்காத பணவீக்கம் சில வாரங்களில் அடங்கியது. ஆனால் அதே ஆண்டில் உலகச் சந்தையில் தகர விலை சரிந்தது, அரசுச் சுரங்கங்களில் 20,000-க்கும் மேற்பட்டவர்கள் வேலை இழந்தார்கள், அதன் பிறகு வந்த வளர்ச்சியும் மந்தமாகவே இருந்தது. தீ அணைந்தது, வீடு எழவில்லை. விடையில் இரண்டு வரிக்கு மேல் இதற்கு வேண்டாம்.

பேராசிரியரின் "எப்படி?" என்ற கேள்விக்கு விடை எனக்கு நூலகத்தில் கிடைக்கவில்லை, எங்கள் ஊரில்தான் கிடைத்தது. கோவில்பட்டிப் பக்கம் ஒரு கிராமம். அம்மா தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தார். எங்கள் பக்கத்தில் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை, ஆபீஸ்தான். மரச்சட்டத்தில் குச்சிகளை வரிசை வரிசையாக அடுக்கி, சட்டத்தை இறுக்கி, கணக்கு எழுதுபவரிடம் கொடுத்தால் சட்டத்துக்கு இவ்வளவு என்று கூலி. மாலையில் அவர் வீடு திரும்பும்போது புடவையில் மருந்து வாசனை அடிக்கும். வலது கை விரல்நுனிகள் எப்போதும் காய்ப்புக் காய்ச்சியிருக்கும்.

இந்தத் தொழிலுக்கும் நான் படித்துக்கொண்டிருந்த பாடத்துக்கும் தொடர்பு இருக்கிறது என்று எனக்குத் தெரிந்ததே தற்செயலாகத்தான். சிறுதொழிலுக்கென ஒதுக்கப்பட்ட பொருள்களின் பட்டியலைப் படித்துக்கொண்டிருந்தேன். 1967-ல் 47 பொருள்களோடு தொடங்கிய அந்த ஒதுக்கீடு 1980-களில் 800-ஐத் தாண்டியது. பட்டியலில் உள்ள பொருளைச் சிறு நிறுவனம் மட்டுமே தயாரிக்கலாம். பெரிய நிறுவனம் இறங்க வேண்டுமென்றால் உற்பத்தியில் பெரும்பங்கை ஏற்றுமதி செய்வதாக உறுதி கொடுக்க வேண்டும். 1991-க்குப் பிறகும் இந்தப் பட்டியல் ஒரேயடியாகப் போகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சுருங்கியது. கடைசி 20 பொருள்கள் 2015 ஏப்ரலில் நீக்கப்பட்டன. ஊறுகாய், ரொட்டி, கடலை எண்ணெய், மெழுகுவர்த்தி, பூட்டு, ஊதுபத்தி, கண்ணாடி வளையல் என்று போன அந்தக் கடைசிப் பட்டியலில் பட்டாசும் தீப்பெட்டியும் இருந்தன. அதைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அதுவரை "ஒதுக்கீடு நீக்கம்" எனக்கு ஒரு வரி. அன்றிலிருந்து அது எங்கள் தெரு. ஒதுக்கீடு யாரைக் காத்தது? கையால் செய்யும் வேலையையும், அந்த வேலையை நம்பியிருந்த பெண்களின் கூலியையும் காத்தது. கரிசல் காட்டில் மழை பொய்த்த ஆண்டுகளில் அந்தக் கூலியில்தான் எங்கள் வீட்டில் அடுப்பெரிந்தது. அதே ஒதுக்கீடு எதைத் தடுத்தது? சிறு நிறுவனம் இயந்திர முதலீட்டின் உச்சவரம்பைத் தாண்டிவிடாமல் பார்த்துக்கொண்டு சிறியதாகவே இருப்பதில்தான் லாபம் என்ற நிலையை உண்டாக்கியது. வளர்ந்தால் சலுகை போய்விடும் என்னும்போது யார் வளர்வார்கள்? கூலியும் வளரவில்லை.

இன்னொரு விசித்திரமும் இருந்தது. உலக வணிக அமைப்பில் இந்தியா தோற்ற ஒரு வழக்கைத் தொடர்ந்து, எஞ்சியிருந்த 715 பொருள்களின் மீதான இறக்குமதி அளவுக் கட்டுப்பாடு 2001 ஏப்ரல் 1 அன்று நீங்கியது. அதனால் ஒதுக்கீட்டில் இருந்த ஒரு பொருளை வெளிநாட்டுப் பெருந்தொழிற்சாலை செய்து இங்கே விற்கலாம், இந்தியப் பெருந்தொழிற்சாலை செய்து விற்க முடியாது என்ற நிலை வந்தது. ஒரு கதவைத் திறந்து அடுத்த கதவைப் பூட்டியே வைத்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை. சீர்திருத்தத்தின் வரிசை முக்கியம் என்று பாடநூலில் வரும் வாக்கியத்துக்கு இதுதான் உடல்.

எங்கள் பக்கத்து ஆபீஸ்கள் சிலவற்றில் முழு இயந்திரம் வந்தது. ஒரு பெட்டிக்கு ஆகும் செலவு குறைந்தது, உற்பத்தி கூடியது. அம்மாவோடு வரிசையில் உட்கார்ந்து குச்சி அடுக்கியவர்களில் பலருக்கு வேலை இல்லாமல் போனது. சிலர் நூற்பாலைப் பேருந்தில் ஏறினார்கள், சிலர் நூறு நாள் வேலைக்குப் போனார்கள். வளர்ச்சி என்பது உற்பத்தித்திறன் உயர்வது. உற்பத்தித்திறன் உயர வேண்டுமானால் உழைப்பும் முதலும் குறைந்த பலன் தரும் இடத்திலிருந்து கூடுதல் பலன் தரும் இடத்துக்குப் போக வேண்டும். அந்தப் போகும் வழி திறந்திருக்கிறதா என்பதுதான் சீர்திருத்தம் வளர்ச்சியாகிறதா, வெறும் வேலையிழப்பாக நிற்கிறதா என்பதைத் தீர்மானிக்கிறது. கண்மாயில் தண்ணீர் நிறைந்து கிடந்தாலும் மடை அடைத்திருந்தால் வயல் காயத்தான் செய்யும். எந்த மடை அடைத்திருக்கிறது என்று பார்ப்பதுதான் இந்தப் பாடத்தின் சாரம். பொருளியலாளர்கள் இதைக் கட்டிப்போடும் தடை என்கிறார்கள். எல்லா நாட்டுக்கும் அது ஒரே இடத்தில் இருப்பதில்லை.

இது புரிந்தபின் குறிப்பெடுக்கும் முறையை மாற்றினேன். ஒரு சீர்திருத்தத்துக்கு ஒரு தாள். முன்பு எந்தக் கதவு மூடியிருந்தது, சாவி யாரிடம் இருந்தது, எந்த ஆண்டில் எந்த விதி மாறியது, மாறியதும் முதலில் நகர்ந்தவர் யார், இழந்தவர் யார், எது மாறவே இல்லை. இந்தக் கேள்விகளுக்கு என் சொந்த வாக்கியத்தில் விடை எழுதுவேன். விடை தெரியாவிட்டால் அந்த இடம் காலியாகவே இருக்கும். காலியிடம் கண்ணை உறுத்த வேண்டும், அப்போதுதான் தேடுவோம். இந்தியாவுக்கு ஐந்து தாள்கள், பிற நாடுகளுக்கு நான்கு. மொத்தம் ஒன்பதுதான்.

பிற நாடுகளில் நீங்கள் கட்டாயம் எடுக்க வேண்டியது கானா. பலரும் சீனாவை மட்டும் எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். கானாவில் பாதை கண்ணுக்குத் தெரியும்படி இருக்கிறது. 1960-களின் நடுவில் ஆண்டுக்கு 5 லட்சம் டன்னுக்கு மேல் கோகோ விளைவித்த நாடு அது. 1983-84-ல் விளைச்சல் 1.6 லட்சம் டன். செடி என்பது கானாவின் நாணயம். ஒரு டாலருக்கு 2.75 செடி என்று அரசு விகிதத்தைப் பிடித்து வைத்திருந்தது. கள்ளச் சந்தையில் அதைப் போலப் பல மடங்கு. கோகோவை அரசு வாரியத்துக்குத்தான் விற்க வேண்டும், அதுவும் அந்தப் பொய்யான விகிதத்தில் கணக்கிட்ட விலைக்கு. விவசாயி என்ன செய்வார்? மூட்டையை எல்லை கடத்தி ஐவரி கோஸ்ட்டில் விற்றார். மரத்துக்கு மருந்தடிப்பதை நிறுத்தினார். நாணய விகிதம் என்பது வங்கி சமாச்சாரம், விவசாயிக்கு அதனால் என்ன என்று நினைப்பவர்கள் இதைப் படிக்க வேண்டும். மதிப்பை உயர்த்திப் பிடித்த நாணயம் ஏற்றுமதி செய்பவர் மீது போடப்படும் மறைமுக வரி.

1983-ல் வறட்சி, காட்டுத்தீ, நைஜீரியா திருப்பி அனுப்பிய ஏறத்தாழ பத்து லட்சம் கானாவாசிகள், 100 விழுக்காட்டைத் தாண்டிய பணவீக்கம். அந்த ஆண்டில் ராலிங்ஸ் அரசு பொருளாதார மீட்புத் திட்டத்தைத் தொடங்கியது. செடியின் மதிப்பைக் குறைத்து, கோகோ கொள்முதல் விலையை உயர்த்தினார்கள். அடுத்த சில ஆண்டுகள் வளர்ச்சி 5 விழுக்காடு அளவில் நின்றது. கதவு திறந்தது, விவசாயி திரும்ப வந்தார். பாதை முழுமையாக இருக்கிறது. ஆனால் தாளின் கடைசி வரியை மறக்காதீர்கள். கோகோவையும் தங்கத்தையும் நம்பிய ஏற்றுமதி மாறவில்லை, தனியார் தொழில் முதலீடு எதிர்பார்த்தபடி வரவில்லை. 2000-களின் தொடக்கத்தில் கடன் நிவாரணம் கேட்க வேண்டியிருந்தது. 2022 டிசம்பரில் வெளிக்கடனில் பெரும்பகுதிக்குத் தவணை கட்டுவதையே நிறுத்திவைத்தது. விலையைச் சரிசெய்வது முதல் மடையைத் திறக்கும், புதிய வயலை உருவாக்காது.

வியட்நாமை இதன் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். 1986 டிசம்பரில் கட்சி மாநாடு புதுப்பித்தல் கொள்கையை ஏற்றபோது பணவீக்கம் நூற்றுக்கணக்கான விழுக்காட்டில் ஓடியது. 1988-ல் நிலத்தைப் பயிரிடும் பொறுப்பு கூட்டுறவிடமிருந்து குடும்பங்களுக்குப் போனது. அரிசி இறக்குமதி செய்துகொண்டிருந்த நாடு 1989-ல் உலகின் பெரிய அரிசி ஏற்றுமதி நாடுகளில் ஒன்றானது. அதோடு நிற்காமல் துணி, காலணி, பிறகு மின்னணுத் தொழில்கள், 2007-ல் உலக வணிக அமைப்பு உறுப்பினர் என்று அடுத்தடுத்த மடைகளையும் திறந்தபடியே போனார்கள். கானாவுக்கும் வியட்நாமுக்கும் தொடக்கத்தில் கொடுத்த மருந்து ஏறத்தாழ ஒன்று. வேறுபாடு அதற்கடுத்த இருபது ஆண்டுகளில் இருக்கிறது.

சீனா எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒரு கருத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அரசுக்குக் கொடுக்க வேண்டிய அளவைக் கட்டுப்பாட்டு விலைக்குக் கொடுத்துவிட்டு, மிச்சத்தைச் சந்தை விலைக்கு விற்கலாம் என்ற இரட்டைவழி முறை. பழையதை உடைக்காமல் பக்கத்திலேயே புதியதை வளர்த்தார்கள். அரசு ஆலைகளில் பெரும் ஆட்குறைப்பு 1990-களின் பிற்பகுதியில்தான் வந்தது; அதற்குள் ஊரகத் தொழில்கள் கோடிக்கணக்கானவர்களுக்கு வேலை கொடுத்துவிட்டன. இழப்பவருக்குப் போக்கிடம் முதலில், இழப்பு பிறகு. என் அம்மாவின் வரிசையை நினைக்கும்போதெல்லாம் இந்த வரிசைமுறை எனக்கு வலிக்கிறது.

இலங்கையின் 1977 தமிழில் எழுதுகிற நம் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. ஜே.ஆர். ஜெயவர்தன அரசு தெற்காசியாவில் முதலில் பொருளாதாரத்தைத் திறந்தது. நாணய விகிதம் ஒன்றாக்கப்பட்டது, இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்தன, கட்டுநாயக்கவில் ஏற்றுமதி வலயம் வந்தது. 1978-ல் வளர்ச்சி 8 விழுக்காட்டைத் தாண்டியது. அதே கொள்கையின் மறுபக்கம் யாழ்ப்பாணத்தில் தெரிந்தது. முந்தைய ஆட்சியின் இறக்குமதித் தடையால் மிளகாயும் வெங்காயமும் பயிரிட்டு நிமிர்ந்த சிறு விவசாயிகள், இறக்குமதி திறந்தவுடன் விலை வீழ்ச்சியைச் சந்தித்தார்கள். நாட்டின் சராசரி உயர்ந்த அதே காலத்தில் ஒரு பகுதியின் வருமானம் இறங்கியது. வளர்ச்சி விகிதம் என்பது சராசரி. சராசரிக்குள் யார் ஏறினார்கள், யார் இறங்கினார்கள் என்று எழுதுவது விடைக்கு மட்டும் அழகு என்று நினைக்காதீர்கள். அந்த இறக்கத்தை யாரும் தாங்கிப் பிடிக்காதபோது அரசியலும் சமூகமும் அதன் விலையைக் கொடுக்கின்றன.

வாஷிங்டன் கருத்தொற்றுமை பற்றிக் கேட்டால் பதறாதீர்கள். 1989-ல் ஜான் வில்லியம்சன் என்ற பொருளியலாளர் இலத்தீன் அமெரிக்க நாடுகளுக்கென்று தொகுத்த பத்துச் சீர்திருத்தக் கொள்கைகளுக்கு அவர் வைத்த பெயர் அது. பத்தையும் வரிசையாக எழுதி மதிப்பெண் வாங்க முடியாது. எந்த நாட்டுக்கு எந்த மடை என்று பார்க்காமல் பத்தையும் எல்லோருக்கும் கொடுத்ததுதான் அதன் மீதான முக்கிய விமர்சனம் என்பதை ஒரு நாட்டோடு சேர்த்துச் சொன்னால் போதும்.

எதிர்வாதம் ஒன்றும் கையில் இருக்க வேண்டும். இந்தியாவின் வளர்ச்சி 1991-ல்தான் தொடங்கியதா? விடுதலைக்குப் பிந்தைய முதல் முப்பது ஆண்டுகளில் 3.5 விழுக்காடு அளவில் இருந்தது 1980-களிலேயே 5.5-ஐ ஒட்டி வந்துவிட்டது. எனவே 1991-க்கு அவ்வளவு பெருமை தரக்கூடாது என்பார்கள். கடன் வாங்கி வந்த அந்த வளர்ச்சி நெருக்கடியில்தான் முடிந்தது, நீடித்திருக்காது என்பது மறுதரப்பு. எனக்கு இரண்டாவது வாதமே வலுவாகப் படுகிறது. ஆனால் முதல் வாதத்தைச் சொல்லாமல் இரண்டாவதை எழுதினால் விடையில் எடை இருக்காது.

இனி எழுதும் முறை. 2017 முதன்மைத் தேர்வில் ஒரு கேள்வி வந்தது: சீர்திருத்தத்துக்குப் பிந்தைய காலத்தில் ஒட்டுமொத்த வளர்ச்சியைவிடத் தொழில்துறை வளர்ச்சி பின்தங்கியது ஏன், தொழிற்கொள்கையில் அண்மைய மாற்றங்கள் அதை உயர்த்துமா? இந்தக் கேள்வியை நான் பதினோரு முறையாவது எழுதிப் பார்த்திருப்பேன். கடைசியாக எழுதியதன் நடுப்பகுதி இது:

"1991-ன் சீர்திருத்தம் தொழில் தொடங்கும் உரிமையைத் தந்தது, தொழில் நடத்தத் தேவையான உள்ளீடுகளின் சந்தையை அதே வேகத்தில் திறக்கவில்லை. நிலம் வாங்குவது கடினமாகவே இருந்தது. மின்சாரம் தடைபட்டது, வீட்டுக்கும் பாசனத்துக்கும் தரும் சலுகையின் சுமை ஆலைக் கட்டணத்தில் ஏறியது. 100 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் ஆலையில் ஆட்குறைப்புக்கு அரசின் முன் அனுமதி வேண்டும் என்ற விதி தொடர்ந்தது. சிறுதொழில் ஒதுக்கீடு 2015 வரை முழுமையாக நீங்கவில்லை. தகவல் தொழில்நுட்பம் போன்ற சேவைகளுக்கு இத்தடைகள் குறைவு. எனவே திறந்த பொருளாதாரத்தின் பலனைச் சேவைத்துறை முதலில் எடுத்துக்கொண்டது. உற்பத்தித்துறையின் பங்கு 16, 17 விழுக்காட்டை ஒட்டியே நிற்க, உழைப்பாளர்களில் 40 விழுக்காட்டுக்கு மேல் இன்னும் வேளாண்மையில் இருக்கிறார்கள்."

இதில் புதிய தகவல் எதுவும் இல்லை. ஒவ்வொரு வாக்கியமும் முந்தையதன் தோளில் நிற்கிறது, அவ்வளவுதான். இதற்குப் பிறகு 2016-ன் திவால் சட்டம், 2017-ன் சரக்கு மற்றும் சேவை வரி, அந்த 100 என்ற வரம்பை 300 ஆக்கிய 2020-ன் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு ஆகியவற்றை, எந்தத் தடையை எது தொடுகிறது என்று பொருத்திக் காட்டினால் கேள்வியின் இரண்டாம் பகுதியும் முடிந்தது.

வரி விதிப்பும் சீர்திருத்தம்தான் என்று காட்ட எங்கள் ஊர் மறுபடியும் உதவியது. சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோது கையால் செய்த தீப்பெட்டிக்கு 5 விழுக்காடு, மற்றவற்றுக்கு 18. 2020 ஏப்ரலில் இரண்டுக்கும் 12 என்று ஒன்றாக்கினார்கள். வரி எளிமையானது, ஏய்ப்புக்கு இடம் குறைந்தது. கைவேலைக்கு இருந்த கடைசிச் சாய்மானமும் போனது. உங்கள் ஊரிலும் இப்படி ஒரு தொழில் இருக்கும். அதை ஒரு தாளாக்குங்கள். விடையில் அது ஒரு வரியாகத்தான் வரும். ஆனால் அந்த ஒரு வரி, குறிப்பைப் பார்த்து ஒப்பிப்பவரிடமிருந்து உங்களைப் பிரித்துக் காட்டும்.

தமிழ்வழியில் எழுதுபவர்களுக்கு மூன்று செய்திகள். சொற்களில் கவனம் வேண்டும். பணமதிப்புக் குறைப்பு 1991-ல் நடந்தது. பணமதிப்பு நீக்கம் 2016-ல் நடந்தது. அவசரத்தில் இரண்டையும் மாற்றி எழுதிய விடைத்தாளை நான் பார்த்திருக்கிறேன், அந்தப் பத்தி முழுவதும் வீணாகிவிடும். பொதுத்துறைப் பங்கில் ஒரு பகுதியை விற்பதும் நிர்வாகத்தையே ஒப்படைப்பதும் வேறு வேறு; முதலாவதைத் தனியார்மயம் என்று எழுதாதீர்கள். கலைச்சொல்லுக்குப் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புப் பொருளியல் பாடநூல்களைப் பின்பற்றினேன், தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே சொல்லையே வைத்துக்கொண்டேன்.

அடுத்தது நேரம். மூன்று மணி நேரத்தில் 20 கேள்விகள். 15 மதிப்பெண் கேள்விக்குப் பதினோரு நிமிடத்துக்கு மேல் தர முடியாது. தமிழ்ச் சொல் உருபுகளோடு நீண்டு வருவதால் எழுத நேரம் பிடிக்கும். அதே காரணத்தால் 250 சொல்லில் நிறையச் சொல்லவும் முடியும். 200 சொல்லில் முடித்துப் பழகுங்கள். மூன்றாவது, பொருளாதார ஆய்வறிக்கை தமிழில் வருவதில்லை. நான் ஆங்கிலத்தில் ஒரு பகுதியைப் படித்துவிட்டு, மூடி வைத்து, அம்மாவுக்குச் சொல்வதுபோல் தமிழில் சொல்லிப் பார்த்து, பிறகு எழுதினேன். மொழிபெயர்த்து எழுதிய குறிப்புகளை என்னாலேயே திரும்பப் படிக்க முடியவில்லை. சொல்லிப் பார்த்து எழுதியவை இன்றும் புரிகின்றன.

முதல் முயற்சியில் மூன்றாம் தாளில் 71 வாங்கினேன், இரண்டாவதில் 98. பணி கிடைத்தது மூன்றாவதில்.

அந்த மூன்றாவது முறை தேர்வுக்கு முந்தைய நாள், சென்னையில் ஒரு நண்பனின் அறையில், புதிதாக எதையும் படிக்கவில்லை. ஒன்பது தாள்களையும் தரையில் பரப்பி, ஒவ்வொன்றிலும் "எது மாறவே இல்லை" என்ற வரியை மட்டும் வாசித்தேன். 2017 கேள்வி பிறந்தது அந்த வரியிலிருந்துதான். அதைப் போன்றவை வேறு ஆண்டுகளின் வினாத்தாள்களிலும் உண்டு, எடுத்துப் பாருங்கள்.